ரேஸ் காட்டில் ஒரு வெள்ளை வேட்டி

ஒரே ஒரு நாளாவது தன் மனைவியைத் தன்னைத் தேடி அலைய வைத்துவிடுவது என்று சாமியப்பன் முடிவு கட்டினார். ஞாயிற்றுக்கிழமை போதும். அதற்கு மேல் அவருக்கே பசிக்கும்.

திருப்பூரில் அவருக்கு ஒரு பனியன் கம்பெனி இருந்தது. இருந்தது என்றால் பெயர்ப்பலகையில் இருந்தது. உள்ளே எல்லாம் தெய்வாத்தாள்தான். நூல் வரவில்லையா, சாயம் திட்டுத்திட்டாக ஏறிவிட்டதா, தையல்காரர்கள் சண்டையா, எல்லாவற்றுக்கும் அவளுக்குத்தான் போன். மகள் ஜனனி கல்யாணமாகிக் கனடா போன பிறகு வீட்டில் மிச்சம் இரண்டு பேர். அதில் ஒருத்தி எந்நேரமும் போனில். கணக்குப்படி மிச்சம் சாமியப்பன் மட்டுந்தான். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் சோறு விழும், காதில் ஒரு சொல் விழாது.

"ஏம் புள்ள, இன்னிக்கு ரசத்துல..." என்று ஆரம்பிப்பார்.

"ஒரு நிமிசமுங்க, லைன்ல ஆளு இருக்குது" என்று கையைக் காட்டுவாள். அந்த நிமிஷம் முடிந்து அவர் பார்த்ததே கிடையாது.

பொழுது போகாமல் ஒரு கேமரா வாங்கினார். காற்றாலையை எடுத்தார். தென்னை மரத்தை எடுத்தார். அவளை எடுக்கப் போனால், "அக்கட்டால போங்க, லைட்டை மறைக்கறீங்க" என்றாள். மனிதர்கள் மசியாததால் மறுபடி தென்னை மரத்துக்கே போனார்.

அப்போதுதான் டீக்கடைச் சுவரில் அந்த போஸ்டர் கண்ணில் பட்டது. ஊத்துக்குளிப் பக்கம் ஒரு தரிசுக் காட்டில் மண் ரேஸ். மேடு பள்ளத்தில் எகிறிக் குதிக்கும் பைக்குகள். கூடவே டிராக்டர் போட்ட குட்டி மாதிரி நாலு சக்கர வண்டிகள், குவாட் என்று பெயராம். சாமியப்பனுக்குத் திட்டம் பளிச்சென்று உதித்தது. உடுமலைப்பேட்டையில் விசேஷம் என்று சொல்லிவிட்டு ரேஸுக்குப் போய்ப் படம் எடுப்பது. போனை அணைத்துவிடுவது. மத்தியானம், சாப்பிட்டாரா என்று கேட்க அவள் கூப்பிடுவாள். கிடைக்காது. பதறுவாள். விசேஷ வீட்டுக்குப் போன் போடுவாள். இங்கே விசேஷமும் இல்லை, ஆளும் வரவில்லை என்பார்கள். அப்புறம் தெரியும் ஆளோட அருமை!

பொய்க்குப் பொருத்தமாக வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கேமரா பைக்குள்.

"ஏம் புள்ள, மகுடேஸ்வரன் பேத்திக்குக் காதுகுத்து. உடுமலை போயிட்டு வந்தர்றேன்."

"சரிங்க."

"வாறதுக்குப் பொழுது சாஞ்சிரும்."

"சரிங்க."

"உன்னையுந்தான் கூப்ட்டாங்க."

"எனக்கு எங்கீங்க நேரம்? நல்லாச் சாப்புட்டுட்டு வாங்க."

அவ்வளவுதான். ஏன், எப்போது, எந்த பஸ் என்று கேட்டால் சொல்வதற்காக அவர் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பொய்கள் ஒன்றுகூடச் செலவாகவில்லை. மூட்டையைப் பிரிக்காமல் திரும்பும் வியாபாரி மாதிரி பஸ் ஏறினார்.

ரேஸ் காடு செம்மண்ணில் கொதித்தது. சாமியப்பன் ஒரு வளைவு பார்த்து, மஞ்சள் கொடி நட்டிருந்த இடத்தில் நின்றார். பைக் வந்தது. அமுக்கினார். படத்தில் வானம் இருந்தது, மேடு இருந்தது, பைக் இல்லை. அடுத்தது வந்தது. இந்தத் தடவை முந்திக்கொண்டார். இன்னும் பைக் வந்து சேராத மேடு. அதற்கடுத்ததில் புழுதி மட்டும் தெளிவாக விழுந்தது.

அங்கே ஒவ்வொருத்தருக்கும் ஓர் ஆள் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினால் தண்ணீர் நீட்ட ஓர் ஆள். கையுறையை வாங்கிக்கொள்ள ஓர் ஆள். ஓர் இளம்பெண் தன் புருஷன் கழுத்தில் அப்பிய சேற்றைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே, "மெதுவாப் போங்கன்னா கேக்கறீங்களா? விழுந்து தொலைச்சா ஆரு பாக்கறது?" என்று வைதுகொண்டிருந்தாள். அவன் சிரித்தான். சாமியப்பன் படம் எடுத்தார். அன்றைக்கு ஆடாமல் அசையாமல் விழுந்த படம் அது ஒன்றுதான்.

மத்தியானம் போனை உயிர்ப்பித்தார். அணைத்திருந்த நேரத்தில் அவள் கூப்பிட்டதாகத் தகவல் ஒன்றும் இல்லை. சர்க்கரை வியாதியை மறந்து ஒரு ரோஸ் மில்க் குடித்தார். மறுபடி பார்த்தார். இல்லை. கோபத்தில் இன்னொரு ரோஸ் மில்க்.

குவாட் பந்தயம் தொடங்கியது. வளைவில் ஒரு வண்டி மண்ணை வாரி இறைத்துக்கொண்டு திரும்ப, இவர் பின்வாங்க, வேட்டி காலில் சிக்க, தொப்பென்று விழுந்தார். யாரும் திரும்பவில்லை. எல்லோர் கண்ணும் வண்டி மேல். முட்டி எரிந்தது. கையை ஊன்றித் தானே எழுந்தார். 'அடடா, அடிபட்டுருச்சா' என்று கேட்க ஆளில்லாததால், "அடடா" என்று தானே சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை போனைப் பார்த்தார். குறுஞ்செய்தி ஒன்று வந்திருந்தது. அவசரமாகத் திறந்தார். ரீசார்ஜ் பண்ணச் சொல்லியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது தெய்வாத்தாள் வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் போன் இருந்தது, ஆனால் காதில் இல்லை. அதுவே அதிசயம்.

"வாங்க. காதுகுத்து எப்படீங்க?"

"அமர்க்களம்."

"சாப்பாடு?"

"ரெண்டு வகைப் பாயசம்."

"கொழந்தை அழுதுச்சுங்களா?"

"ஊருக்கே கேட்டுருக்கும்."

"மகுடேஸ்வரண்ணனோட ஒரே பையனுக்கு இன்னும் கண்ணாலமே ஆகலீங்களே? பேத்தி அவசரப்பட்டுப் பொறந்துருச்சாட்ட இருக்குது."

சாமியப்பன் வேட்டியில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டிவிட்டார்.

"முட்டி ரொம்ப வலிக்குதுங்களா? மஞ்சக் கொடிக்கிட்ட வுழுந்தீங்களே."

போனைத் திருப்பிக் காட்டினாள். செம்மண், புழுதி, நடுவில் ஒரு வெள்ளை வேட்டி.

"அந்தப் பசங்க போட்டிருந்த டீசர்ட்டு பூராவும் நம்ம கம்பெனில தைச்சதுங்க. ரேஸ் நடத்துறவங்க நேரலைல பாருங்கன்னு அனுப்பி வுட்டாங்க. மண்ணுல பொரண்டா பிரிண்டு நிக்குதான்னு பாக்கலாம்னு தொறந்தேன். வளைவுல கேமராவக் கம்பத்துல கட்டி வெச்சிருக்காங்க. நீங்க காலைலருந்து அதுக்கு முன்னாடியே நிக்கறீங்க. பாக்கறவனெல்லாம், 'அந்த வேட்டிய நகரச் சொல்லுங்க'ன்னு கீழ எழுதீட்டே இருந்தான். படம் புடிக்கப் போயி நல்லாத்தான் படம் காட்டுனீங்க!"

நாள் முழுக்கச் சொந்தக் கம்பெனிச் சட்டையைத்தான் துரத்தியிருக்கிறார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை.

"பாத்துட்டே இருந்தவ ஒரு போனு பண்ணக் கூடாதா?"

"ஆளைக் கண்ணு முன்னால வெச்சுட்டு எதுக்குங்க போனு? வந்த போனையெல்லாங் கூட எடுக்காமத்தான் பாத்தேன். நீங்க வுழுந்தப்ப, 'ஆராவது தூக்கி வுடுங்கடா'ன்னு இங்க நின்னு கத்துனேன்." போனை ஓரமாக வைத்தாள். "உங்களைச் சேந்தாப்புல இத்தனை நேரம் பாத்து எத்தனை வருசமாச்சுங்க."

சாமியப்பன் தொண்டையில் புழுதி என்பது போல இருமினார். அவள் எண்ணெய் எடுத்து வந்து முட்டியில் தடவினாள். தடவிக்கொண்டே கேமராவை வாங்கி ஒவ்வொன்றாய்த் தள்ளிப் பார்த்தாள்.

"இதுல வண்டி எங்கீங்க?"

"இப்பத்தான் போச்சு."

"இதுல?"

"வந்துட்டே இருக்குது."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை தாராபுரம் ரோட்டுல இன்னொரு ரேஸ் இருக்குதாமுங்க. நானும் வாறேன்."

சாமியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எரிச்சல், வலி, ரோஸ் மில்க் எல்லாம் மறந்துபோனது. "நெசமாவா புள்ள? வா, வா! படம் எப்படி எடுக்கறதுன்னு உனக்கு நான் சொல்லித் தர்றேன்."

தெய்வாத்தாள் கேமராவை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"படத்தை நான் எடுத்துக்கறேனுங்க. நீங்க பையைப் புடிச்சுக்குங்க."