பதினெட்டாவது கேள்வி

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள், மாடியில் குடியிருக்கும் தையல்காரர், பழுது பார்க்க வந்தவர். ஆக மொத்தம் ஆறு பேர். டிவியைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது பேசாததால்.

பேசவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒலியை நூறில் வைத்தால், பக்கத்து வீட்டில் யாரோ முனகுவது போலக் கேட்கும். ஒன்பது நாளாக இந்த நிலைமை. நாலு மணிக்குப் பெரியவரின் மகள் முதல் தடவையாக டிவியில் பேசப்போகிறாள். பழுது நீக்கும் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவுக்கு அவள்தான் அதிகாரி. பன்னிரண்டு நிமிட நேரலை, மறு ஒளிபரப்பு கிடையாது. ஒரு வார்த்தையும் தவறக்கூடாது என்று பெரியவர் மூன்று மணிக்கே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டிருந்தார்.

பழுது பார்ப்பவர் மூன்று ஐம்பதுக்கு வந்தார். டிவியைப் பார்க்காமல் கையிலிருந்த டேப்லெட் திரையைப் பார்த்தார். மொத்தம் இருபத்து நாலு கேள்விகள்.

"வீட்டுல யாருக்காவது காது மந்தமா?"

"இவருக்குத்தான். நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது," என்றாள் மனைவி.

"பகுதி மந்தம்னு போட்டுக்கறேன்."

பெரியவருக்கு ஒரு சந்தேகம். ஸ்பீக்கர் பெட்டி வெளியே தெரிவது நாகரிகமில்லை என்று மருமகள் எங்கோ படித்ததிலிருந்து, அது புது அலமாரிக்குள், கனத்த மரக்கதவுக்குப் பின்னால் குடியிருந்தது. அதுவும் ஒன்பது நாளாக. நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். இருந்தாலும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, அந்தக் கதவைத் திறந்து பார்த்தா?"

"அது பதினெட்டாவது கேள்வி, ஐயா. நாம இப்ப ஏழுல இருக்கோம்."

"நானே திறந்துடட்டுமா?"

"ஆய்வு நடக்கறப்ப கைவச்சா புகார் ரத்தாயிடும். திரும்பப் பதிஞ்சா பத்தொன்பது நாள்."

"திறந்தா அலமாரி அழகே போயிடும், மாமா," என்றாள் மருமகள்.

"எதுக்கும் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல, அண்ணே," என்றார் தையல்காரர்.

பாதி எழுந்த பெரியவர் மீண்டும் உட்கார்ந்தார்.

நாலு மணி. திரையில் மகள். வாய் அசைந்தது, கைகள் கம்பீரமாக அசைந்தன. பழுது பார்ப்பவர் விறைப்பாக எழுந்து நின்றார்.

"எங்க மேடம், ஐயா. இந்த இருபத்து நாலு கேள்வியையும் எழுதினவங்க."

"என் பொண்ணு," என்றார் பெரியவர்.

"அப்படியா? அப்ப ஒரு கேள்வியைக்கூடத் தாண்ட முடியாது. அவங்க வீட்டுலயே தாண்டினா அவங்க மரியாதை என்னாகறது?"

மகளின் படத்துக்குக் கீழே எழுத்துகள் ஓடின: 'வாடிக்கையாளர் குரல் எங்கள் காதில் விழாமல் போனதே இல்லை.' ஆறு பேரும் வாசித்துத் தலையாட்டினார்கள். ஒன்பது, பத்து, பதினொன்று என்று கேள்விகள் தொடர்ந்தன.

நாலு பன்னிரண்டுக்கு மகள் கும்பிட்டுவிட்டு மறைந்தாள். உடனே போன் அடித்தது.

"அப்பா, கேட்டீங்களா?"

பெரியவர் சுற்றிலும் பார்த்தார். ஐந்து தலைகளும் வேகமாக ஆடின.

"ஒரு வார்த்தை விடலம்மா."

"குறை ஏதாவது இருந்தா சொல்லுங்கப்பா."

"குறையா? ஒண்ணுமே இல்ல."

போனை வைத்தார். பழுது பார்ப்பவர் டேப்லெட்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"கிளம்பிட்டீங்களா?"

"குறை ஒண்ணுமில்லன்னு நீங்களே மேடம்கிட்ட சொல்லிட்டீங்களே, ஐயா. புகாரை முடிச்சுட்டேன்."

கேட்ட கேள்விகள் பதினாறு. மீதம் எட்டு.