ஜன்னலோரத்து லெப்டினன்ட்

"சாகக் கிடக்கிறவன்கிட்ட யாராவது காசு குடுத்துப் பதவி வாங்குவாங்களாடா?"

திருமதி கிரிம்ஷாவின் குரல் கேன்டர்பரியின் அந்த வீதி முழுக்கக் கேட்டது.

"மெதுவாப் பேசுங்கம்மா. எதிர் வீடுதானே," என்றான் மகன் ஆம்ப்ரோஸ்.

எதிர் வீட்டில்தான் லெப்டினன்ட் டெனிங் நெஞ்சுச் சளியோடு படுத்திருந்தார். அதே படையில் அவருக்கு அடுத்த இடம் ஆம்ப்ரோஸுக்கு. அந்தக் காலத்து ஆங்கிலேயப் படை வழக்கப்படி, டெனிங் உயிரோடு விலகினால் தன் பதவியை விற்கலாம். பதவியில் இருந்தபடியே கண்ணை மூடினால் அது அடுத்தவனுக்கு இலவசம். பெண்டாட்டிக்குச் சல்லிக்காசு கிடையாது. பாவம், விலகல் தாளில் கையெழுத்தைக்கூடப் போட்டு வைத்துவிட்டார். பணம்தான் வரவில்லை.

"அதுக்கு இந்த வீட்டையே விக்கணும். குளிர் வரட்டும். மனுஷன் தாங்க மாட்டான்," என்றாள் திருமதி கிரிம்ஷா.

டெனிங்கின் மனைவி ஹெஸ்டர் வீதியைக் கடந்து வந்து நின்றாள்.

"உங்களுக்கு வேண்டாம்னா பீர் ஆலைக்காரர் மகன் வாங்கிக்கறானாம். அப்புறம் உங்க பிள்ளை அவனுக்கு சல்யூட் அடிக்கட்டும்."

"ஐயோ, யாரு வேண்டாம்னா? ஒரு வாரம் பொறு கண்ணு," என்று குழைந்த திருமதி கிரிம்ஷா, அன்றே டாக்டர் பிளாக்கெட்டை அனுப்பினாள். "வைத்தியம் ஒண்ணும் வேண்டாம். எத்தனை நாள் தாங்கும்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

டாக்டர் கல்யாணமாகாதவர். போனார். மறுநாளும் போனார். கூப்பிடாமலே அதற்கு மறுநாளும் போனார்.

"தேறிட்டார். இன்னும் இருபது வருஷம் இருப்பார்."

அவள் நம்பவில்லை. சோதித்துப் பார்க்க வாத்துக்கறி அடை அனுப்பினாள். தட்டு வழித்து நக்கிய பளபளப்போடு திரும்பி வந்தது. உடனே நேரிலேயே போனாள்.

"பேசக்கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. வீதியிலேர்ந்து பாத்துக்குங்க," என்றாள் ஹெஸ்டர்.

மாடி ஜன்னலில், தூங்கும் குல்லாயோடு, டெனிங் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

இனி இலவசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. செவ்வாய்க்கிழமை வீட்டைப் பாதி விலைக்கு அந்தப் பீர் ஆலைக்காரரிடமே தள்ளிவிட்டு, ஹெஸ்டர் கையில் பணத்தை எண்ணி வைத்தாள். ஆம்ப்ரோஸ் லெப்டினன்ட் ஆனான்.

புதன்கிழமை டெனிங் இறந்துவிட்டதாக டாக்டர் அறிவித்தார்.

துக்கம் முடிந்ததும் ஹெஸ்டர் டாக்டரையே கட்டிக்கொண்டு பாத் நகரத்துக்குப் போய்விட்டாள். கல்யாண விருந்தில் மாப்பிள்ளை வாத்துக்கறி அடைத் தட்டை நக்காத குறையாகக் காலி செய்தாராம். ஆம்ப்ரோஸ் படையோடு ஜமைக்காவுக்குக் கப்பலேறினான். திருமதி கிரிம்ஷா, சவப்பெட்டி செய்யும் தச்சன் ஜோப்பின் பட்டறைக்கு மேலே ஒற்றை அறைக்குக் குடி வந்தாள். வந்தவளுக்கு ஒரே புலம்பல்தான்.

"ஒரு நாள், ஜோப். ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தா வீடு மிஞ்சியிருக்கும்."

ஜோப் இழைப்புளியை ஓரமாக வைத்தான்.

"எதுக்கும்மா ஒரு நாள்? சனிக்கிழமையே நான் அளவெடுத்துட்டேனே. முதுகுக்குப் பலகை குடுத்து அவரை ஜன்னலோரமா உக்காத்தி வெச்சதும் நான்தான்."