ஒன்பது வார்த்தைகள்

திலகவதி வாயைத் திறப்பதற்குள் குப்புக் கிழவி பதில் சொல்லிவிட்டாள்.

"மாங்கா, சாவி, நாற்காலி. சரியா சிஸ்டர்?"

"நான் இன்னும் கேக்கவே இல்லியேம்மா."

"காலையில எதிர்வீட்டுல கேட்டீங்களாமே."

கடலூரை ஒட்டிய அந்தக் குப்பத்தில் பி.பி., சர்க்கரை பார்ப்பதோடு வயதானவர்களின் ஞாபகத்தைச் சோதிப்பதும் நர்ஸ் திலகவதியின் வேலை. மூன்று வார்த்தை சொல்ல வேண்டும், கொஞ்ச நேரம் வேறு கதை பேச வேண்டும், பிறகு அதே மூன்றைத் திருப்பிக் கேட்க வேண்டும். மறதி நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஆளை ஓரளவு தாங்கிப் பிடிக்கலாம். குப்பமோ இதைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டது. பெற்றவரை ஃபெயிலாக விட எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்?

மறுநாள் வார்த்தைகளை மாற்றினாள். அவள் தெரு திரும்புவதற்குள் அவை போனில் முன்னே போய்விட்டன. அதற்கு அடுத்த நாளும் மாற்றினாள். வீட்டுக்கு வீடு பெரியவர்களை உட்காரவைத்து மனப்பாடம் செய்வித்தார்கள்.

அவளுடைய கவலையெல்லாம் கண்ணாயிரத்தைப் பற்றித்தான். காலமெல்லாம் கடலுக்குப் போய் வந்த மனுஷன், போன வாரம் திருவந்திபுரம் பஸ் ஸ்டாப்பில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். பார்த்துக் கூட்டி வந்தவள் இவள்தான். சிதம்பரத்தில் பெரிய டாக்டரிடம் காட்டச் சொன்னாள். மகன் பாண்டியன் மசியவில்லை. தங்கைக்கு வரன் பேசிக்கொண்டிருந்தான். இந்த நேரத்தில் அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேச்சு கிளம்பினால் என்ன ஆவது?

அன்று அவள் உள்ளே நுழைந்ததுமே கண்ணாயிரம் நிமிர்ந்து உட்கார்ந்து, மூன்று நாள் வார்த்தைகளையும் சேர்த்து ஒப்பித்தார். மாங்காயில் ஆரம்பித்து ஆட்டுக்குட்டியில் முடித்தார். ஒன்பதும் சரி.

"பாத்தீங்களா சிஸ்டர்? எங்கப்பாவுக்கு என்னைவிட ஞாபகம் ஜாஸ்தி," என்றான் பாண்டியன். "சிதம்பரமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

திலகவதிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீட்டார் சம்மதிக்காமல் அவளால் யாரையும் கூட்டிக்கொண்டு போக முடியாது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அதுவரை கதவோரம் நின்ற கண்ணாயிரத்தின் மனைவி அமிர்தம் குறுக்கே வந்தாள்.

"சிதம்பரத்துக்கு நான் கூட்டிட்டு வரேன் சிஸ்டர். ராவும் பகலுமா நான்தான் அவருக்குச் சொல்லிக்குடுத்தேன். ஒம்பது வார்த்தையும் மறக்கல. நீ யாரு வீட்டுப் பொம்பளன்னு காலையில என்னையே கேட்டாரு."