மண்ணுக்குள் போன கரண்டி

பூந்தொட்டி மண்ணைக் கிளறிய பிளாஸ்டிக் அச்சுக்காரர் கையில் பச்சைக் கரண்டி முழுசாக வந்தது.

போதையே தராத கஞ்சாச் செடி வகை ஒன்றின் தண்டை அரைத்து, தன் பட்டறையில் அவர் ஒரு புது பிளாஸ்டிக்கை உருவாக்கியிருந்தார். மண்ணில் போட்டால் மக்கிவிடும் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து, மழைக்காலத்துக்கு முன்பே அதில் வார்த்த ஒரு கரண்டியைத் தொட்டியில் புதைத்து வைத்திருந்தார். இன்று உணவக முதலாளியம்மா நேரில் பார்க்க வருகிறார். மக்கியிருந்தால் அவருடைய எல்லாக் கிளைகளுக்கும் இவர் கரண்டிதான். இல்லாவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு மச்சான் கடையில் எடுபிடி வேலை. அதற்கு இந்தத் தொட்டியிலேயே படுத்துக்கொள்ளலாம்.

"என்னங்க, மக்கிடுச்சா?" மனைவி எட்டிப் பார்த்தாள்.

"மக்கு நான்தான்! சுத்தியலை எடு!"

ஓங்கி ஓர் அடி. கரண்டி துள்ளிப்போய் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. கரண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தார். மண் கழன்று சுத்தமாக மிதந்தது. கழிப்பறை கழுவும் ஆசிட்டில் முக்கினார். கடையில் வைத்து விற்கலாம் போல் பளபளத்தது.

"போதையே இருக்காதுன்னீங்க. உங்களுக்கு மட்டும் எப்படித் தலைக்கேறுச்சு?" என்றாள் மனைவி.

வாசலில் கார் வந்து நின்றது. கரண்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினார்.

முதலாளியம்மா வந்ததும் வராததுமாகக் குச்சியால் தொட்டியைக் கிளறினார். "அட, ஒண்ணையும் காணோமே! நிஜமாவே மக்கிடுச்சா?"

"ஆமாங்கம்மா!" என்று அச்சுக்காரர் குனிந்து கும்பிட்டார். கரண்டி நழுவி அவர் காலடியில் விழுந்தது.

"எங்கிட்டயே கண்கட்டு வித்தையா?"

"தப்புதாங்க. அடிச்சேன், காய்ச்சினேன், ஆசிட்டையும் ஊத்தினேன். சனியன், அசைய மாட்டேங்குதுங்க!" அவருக்கு அழுகையே வந்துவிட்டது. முதலாளியம்மா கார் பக்கம் திரும்பினார்.

அந்த நேரம் பார்த்து, செடிக்குத் தண்ணீர் ஊற்ற வாளியோடு வந்த மாமியார் கரண்டியைப் பார்த்துவிட்டார்.

"இதை ஏன் மாப்ளே எடுத்தீங்க? பழைய பிளாஸ்டிக்ல இதே அச்சுல நீங்க முந்தி ஊத்தினதாச்சே! மண்ணு கிளற நான்தான் தொட்டியில செருகி வச்சிருந்தேன். உங்க புதுக் கரண்டி எப்பவோ மண்ணாப் போச்சு!"