ஹெஸ்டரின் செடிகள் பக்கவேர் விட்ட கதை

பெந்தெகொஸ்தே விடுமுறைக்கு ஊரே கிளம்பிக்கொண்டிருந்த சனிக்கிழமை காலையில், ஆய்வகத்தின் குளிரூட்டி நின்றுபோனது. பழுதுபார்க்க ஆள் கிடைக்கவில்லை. ஆராய்ச்சி மாணவி ஹெஸ்டர் தன் ஆறு செடிகளை, அவை இருந்த ஒல்லியான கண்ணாடிப் பெட்டியோடு, சைக்கிளின் முன்கூடையில் வைத்துக்கொண்டாள். உத்ரெக்ட் நகரின் கல்பாவிய தெருக்களில் குலுங்கிக் குலுங்கி வீடு வந்து சேர்ந்தாள்.

கதவைத் திறந்தவர் மாமனார் டௌவே. சரக்குப்படகு ஓட்டி ஓய்வுபெற்றவர். மகன் வேலையாக டென்மார்க் போயிருந்ததால் மருமகளுக்குத் துணையாக வந்திருந்தார்.

"என்னம்மா இது, மீன்தொட்டியா?"

"செடிப்பா, சாதாரணக் களைதான். கண்ணாடி வழியா வேர் தெரியும் பாருங்க. ஒத்தை வேர்தான் நேரா எறங்கும். பக்கத்துல கிளைக்காது."

"ஏன், சீக்கா?"

"நாங்களே அப்படிப் பண்ணினதுப்பா. ஒரு மரபணு இன்னொண்ணைத் தட்டி எழுப்பும், அது அடுத்ததை எழுப்பும், இப்படியே போய்த்தான் பக்கவேர் வரும். முதல்ல எழுந்திரிக்கற ஆளையே நான் தூங்க வச்சுட்டேன்."

"அடப்பாவமே."

"அவன் தூங்கினா பக்கவேரே வராதுன்னு காட்டத்தான் நாலு வருஷமா உழைக்கறேன். செவ்வாய்க்கிழமை எல்லாப் பேராசிரியர்களுக்கும் முன்னால பேசணும்."

பெட்டியைச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். வெயில் ஏறியதும் இலைகள் தொங்கின. குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று குளியலறைக்கு மாற்றினாள். ஆவி செடிக்கு ஆகாது என்று தெரியாமல் டௌவே உள்ளே போய் வெந்நீரில் நிதானமாகக் குளித்தார். கதவைத் திறந்தபோது அவரும் செடிகளும் ஆவியில் வெந்திருந்தார்கள்.

ஹெஸ்டர் பதறிப்போய்ப் பெட்டியைக் குளியலறை ஜன்னல் விளிம்பில் ஏற்றினாள். காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. பெட்டி நேராகக் குளியல் தொட்டிக்குள் விழுந்தது. நல்லவேளை, கண்ணாடி உடையவில்லை. மண் பாதி கொட்டிவிட்டது. அதை அள்ளிப் போடப்போய் இரண்டு வேர்களை அவளே ஒடித்தாள்.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். டௌவே காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்றார். உள்ளே வரவும் தெரியவில்லை, போகவும் தெரியவில்லை.

"பெட்டியைக் குடும்மா. தோட்டத்துக் கொட்டகையில நிழலா இருக்கும். நான் பாத்துக்கறேன்."

"இனிமே என்னத்தைப் பாக்கப் போறீங்க..." என்று விசும்பிக்கொண்டே கொடுத்தாள்.

மறுநாள் காலை கொட்டகைக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆறு செடிகளும் பச்சைப்பசேலென்று நிமிர்ந்து நின்றன. ஓடிப்போய் மாமனாரைக் கட்டிக்கொண்டாள். பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தாள்.

"ஐயோ! பக்கவேர்!"

"நல்லாத்தானேம்மா இருக்கு?"

"நல்லா இருக்கறதுதாம்ப்பா கோளாறே! நாலு வருஷ உழைப்பும் போச்சு!"

தன் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் ரூலோஃப்ஸைப் போனில் அழைத்து, வெயில், வெந்நீர், தொட்டி என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். விடுமுறைக்குக் கடற்கரை போயிருந்த அந்த அம்மாள் போட்ட கூச்சல் டௌவேயின் காதுக்கே கேட்டது.

"அழறியா? அசடே! முதல் ஆளு தூங்கியும் வேர் வந்திருக்குன்னா, அடிபட்டதும் வேற எவனோ எழுந்து வேலையைப் பாத்திருக்கான். யாருமே பாக்காத புதுவழி! பெரிய கண்டுபிடிப்புடீ!"

"ஹெஸ்டர், ஒரு நிமிஷம்மா..." என்றார் டௌவே.

"இருங்கப்பா!"

அரைமணி நேரத்தில் பேராசிரியரே திரும்ப அழைத்தார். பெல்ஜியத்துக்கும் ஜெர்மனிக்கும் சொல்லியாகிவிட்டதாம். இரண்டு விஞ்ஞானிகள் ரயில் ஏறிவிட்டார்களாம், செடியை நேரில் பார்க்க.

"அம்மாடி, நான் சொல்ல வந்தது..."

"எல்லாம் உங்க கைராசிப்பா!" ஹெஸ்டர் அவர் வழுக்கைத் தலையில் முத்தமிட்டாள். அவளுடைய கண்கள் இன்னும் ஈரமாக இருந்தன. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டௌவேக்குக் காதுமடல் வரை சிவந்துவிட்டது. தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே மெல்லச் சொன்னார்:

"நீ அழுதது எனக்குத் தாங்கலம்மா... உன்னோடது நேத்தே செத்துப்போச்சு. ரயில் பாதையோரம் இதே களை மண்டிக் கெடந்துச்சு, அதுல நல்லதாப் பாத்து ஆறு புடுங்கியாந்து நட்டு வச்சேன்."