இரண்டு கட்டம், ஒரு டிக்

விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று இசை இலக்கணம், மற்றது ஒலிப்பதிவு. ஏதாவது ஒன்றில்தான் டிக் அடிக்கலாம். கூடவே சொந்தமாகச் செய்த மூன்று நிமிட இசையும் தர வேண்டும். கெடு இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கான அந்த மாலை இசைப் பள்ளி மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் மாணவர்களைச் சேர்க்கும்.

பாப்பா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். இருபத்தாறு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். தேய்க்கும் இயந்திரத்தின் 'கர்ர்... டக்' சத்தத்தைப் போனில் பதிந்து, லேப்டாப்பில் ஏற்றி, அதையே தாளமாக்கி ஒரு மெட்டுக் கட்டியிருந்தாள்.

காலையில் அதை மாடியில் குடியிருந்த மாமாவிடம் போட்டுக் காட்டியதுதான் தப்பு. மாமா பாட்டு வாத்தியார்.

"நல்லா இருக்கு பாப்பா. ஆனா மிஷின் ஒரு சுருதியில கத்துது, மெட்டு இன்னொண்ணுல நிக்குது. சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி இருக்கு. இலக்கணம் படிச்சிருந்தா இப்படி ஆகுமா?"

"இப்ப என்ன பண்ணட்டும்?"

"மெட்டோட சுருதியை ஏத்து."

ஏற்றினாள். மாமா திரையை உற்றுப் பார்த்தார். "இந்தக் குமிழைத் திருகினா என்ன ஆகும்?"

"எதிரொலி வரும் மாமா."

"அப்படியா! எங்க, திருகு."

எட்டாவது முறை அவரே திருகியபோது, பாப்பா மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள்.

சுருதி சேர்ந்துவிட்டது. மெட்டுதான் காதோரக் கொசுவாகக் கீச்சிட்டது. கீழ்வீட்டுச் சித்தப்பாவிடம் ஓடினாள். அவர் கூட்டங்களுக்கு மைக் செட் போடுகிறவர்.

"உன் மாமா பேச்சைக் கேட்டா இப்படித்தான். முதல்ல சத்தத்தைச் சுத்தம் பண்ணக் கத்துக்கோ. பின்னால எவ்வளவு இரைச்சல் பாரு! தள்ளு."

நாலு தட்டுத் தட்டினார். கீச்சல் அடங்கி, எல்லாம் பளிங்கு மாதிரி ஆனது. இயந்திரத்தை மட்டும் காணவில்லை.

"சித்தப்பா! அந்த இரைச்சல்தான் தாளம்!"

"அதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" சித்தப்பா தலையைச் சொறிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏன் பாப்பா, அந்த ஒரு எடத்துல மட்டும் மனசை என்னமோ பண்ணுதே, அது என்ன சுரம்?" என்றார்.

"தெரியல சித்தப்பா."

"சரி விடு. நான் கேட்டேன்னு மாடியில சொல்லிடாதே."

தாளம் போன செய்தி மாடிக்கு எட்டியது. மாமா இறங்கி வந்து கையால் தாளம் போட்டார். சித்தப்பா அதற்கு இரண்டு மைக் வைத்தார்.

"மாப்பிள்ளை, என் கைத்தாளம் கிணத்துக்குள்ள கேக்குது."

"மச்சான், நீங்க தட்டுறது அப்படி."

மூன்று மணிக்கு அம்மா வந்து முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். "நல்லாத்தான்டி இருக்கு. பேங்குக்குப் போன் பண்ணா, காத்திருங்கன்னு சொல்லி ஒண்ணு போடுவான் பாரு, அச்சு அசல் அதேதான்."

பெரியவர்கள் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்தபோது பாப்பா நழுவினாள். வேலையில் கேட்பதற்காகப் போனில் போட்டு வைத்திருந்த, யாரும் கை வைக்காத பழைய மெட்டு அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

பள்ளி அலுவலகத்தில் நாலு ஐம்பத்தைந்து. குமாஸ்தா பாட்டை வாங்கிக்கொண்டு, படிவத்தைத் திருப்பி நீட்டினார்.

"டிக் அடிக்கலையேம்மா?"

பேனா இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் நின்றது. "இலக்கணம்னு அடிச்சா சித்தப்பா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார். ஒலிப்பதிவுன்னு அடிச்சா மாமா ஒரு மாசம் பேச மாட்டார். நான் என்ன சார் பண்றது?"

குமாஸ்தா முகவரியைப் படித்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"எதை வேணா அடிம்மா. இதே கதவு எண்ணைப் போட்டு, ஒலிப்பதிவுக்கு ஒரு பாட்டு வாத்தியாரும், இசை இலக்கணத்துக்கு ஒரு மைக் செட்காரரும் போன வாரமே விண்ணப்பம் போட்டாச்சு. வீட்டுல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ரெண்டு பேரும் தனித்தனியா வந்து என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காங்க."