பீச் பக்கம் உருண்ட குண்டு

இல்லாத ஓர் இரும்புக் குண்டுக்கு நான்கு திசையிலும் ஓசை கொடுத்தவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியிலேயே எங்கள் மயிலாப்பூர் குண்டு மாமா ஒருவர்தான்.

ஆள் முருங்கைக்காய். பெயர் வந்தது 'பின்பால்' என்கிற விளையாட்டுப் பைத்தியத்தால். சரிவான மேஜையில் குண்டு உருண்டு வரும். விழுவதற்குள் இரண்டு துடுப்புகளால் தட்டி மேலே விரட்ட வேண்டும். மாமா, எங்கள் மேல்வீட்டுக்காரர், ஹாலில் ஒரு மரப்பெட்டி செய்து, அதன்மேல் டி.வி.யை மல்லாக்கப் படுக்கவைத்தார். மேஜையும் குண்டும் அதில் வெறும் படம்.

"படம் ஓடினா போறுமாடா? குண்டு எங்க போறதோ, சத்தமும் அங்க போகணும்" என்று பெட்டிக்குள் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் பதித்தார். ஆட்டத்தை ஓட்டிய கம்ப்யூட்டரோடு வந்த சத்தத்தில் கனம் இல்லையாம். மாமியின் தோசைக்கல்லில் பேரிங் குண்டை உருட்டிப் பதிவு செய்தார். முதல் சோதனையில் பெட்டி அதிர்ந்த அதிர்வில் எங்களுக்கும் கீழ்வீட்டுக்காரர் பூகம்பம் என்று நினைத்து, குழந்தையை விட்டுவிட்டு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

மாமி வீணை டீச்சர். பக்கத்து வீட்டு குக்கர் விசிலுக்கு ஸ்ருதி சொல்லும் காது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "கண்ணை மூடிண்டு நிப்பேன். குண்டு போற இடத்தை விரலால காட்டுவேன். விஜயதசமிக்குள்ள அது முடியலேன்னா, பொட்டி செருப்பு அலமாரி."

மாமா கலங்கவில்லை. ஒயர் ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டினார். முன், பின், இடம், வலம் என்றா எழுதுவார்? பீச்-அடையாறு, பீச்-திருவல்லிக்கேணி, குளம்-அடையாறு, குளம்-திருவல்லிக்கேணி. ஷேர் ஆட்டோவில் கூவுகிற மாதிரி. எங்கள் வீட்டுக்குப் பீச் கிழக்கே, கோயில் குளம் மேற்கே, அடையாறு தெற்கே, திருவல்லிக்கேணி வடக்கே.

நவராத்திரி வந்தது. கொலு குளத்துப் பக்கச் சுவரோரம். ஆடுகிறவர் முதுகு கொலுவுக்கு நேரே! "அம்பாளுக்கு முதுகைக் காட்டப்படாது" என்று மாமி பெட்டியைத் திருப்பச் சொன்னார். ஒயரைக் கழற்றித் திருப்பினோம். மறுபடி மாட்ட நொச்சிக்குப்பம் எலக்ட்ரீஷியன் செல்வம் வந்தார்.

விஜயதசமி காலை. மாமி கண்ணை மூடினார். ஆடுவது நான். குண்டு மேலே பறந்தது. மாமியின் விரல் கீழே இறங்கியது. குண்டு இடதுபுறம், விரல் வலதுபுறம்.

"இன்னா மாமா என்னைப் பாக்கறே? பீச்சுன்னு எழுதிக்கீது, பீச்சு பக்கம் சொருவினேன்" என்றார் செல்வம். உண்மைதான். பெட்டி திரும்பியது, பீச் திரும்பவில்லை.

"எழுதினதுல தப்பே இல்லை. பொட்டிதான் தப்பா நிக்கறது" என்றார் மாமா. மூவரும் சேர்ந்து மறுபடி திருப்பினோம். அதே கோளாறு. பெட்டியோடு ஸ்பீக்கரும் சேர்ந்தே திரும்பும் என்பது, சட்டை நனைந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

"முதுகு!" என்றார் மாமி, கண்ணைத் திறக்காமலே. மூன்றாம் முறையும் திருப்பினோம். செல்வம் சீட்டையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு ஒயர்களை மாற்றிச் சொருகினார்.

குண்டு புறப்பட்டது. தோசைக்கல் ஓசை மரத்துக்குள் மழைபோல நகர்ந்தது. மாமியின் விரலும் கூடவே நகர்ந்தது. மேலே, இடதுபுறம், வளைந்து, சட்டென்று கீழே.

"நடுவுல வரதுடா, விழப்போறது, தட்டு!"

கண்ணைத் திறந்திருந்த நான் தட்டவில்லை. குண்டு விழுந்தது. "கண்ணு இருந்து என்ன பிரயோஜனம்? இன்னொண்ணு விடு" என்றார் மாமி.

"செருப்பு ஸ்டாண்டு வேற வாங்கிக்கோ மாமா" என்றார் செல்வம். மாமா திரையைப் பார்க்கவில்லை. அந்த விரல் போன இடமெல்லாம் அவர் கண் போய்க்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் என் வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி கொடுக்குமுன் மேலே அழைத்துப் போய்ப் பெட்டியைக் காட்டி, "எங்க மாமா கட்டினது" என்கிறேன். சொந்த மாமாவா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.